மாதம் தவறாமல் வந்த வயிற்றுக் கோளாறு

ஊசி மருந்து தயாரிக்கும் எங்கள் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. வயிற்றுப்போக்கு இருப்பவர்கள், சளி பிடித்தவர்கள், தோலில் ஆறாத புண் உள்ளவர்கள் மருந்து நிரப்பும் அறைக்குள் போகக்கூடாது. தாங்களாகவே மேலதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். அந்த அறைக்குள் நுழைபவற்றிலேயே மிகவும் அசுத்தமானது மனித உடம்புதான் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் எங்களுக்குச் சொல்லித்தரும் பாடம்.

திருப்பத்தூரில் படிப்பை முடித்துவிட்டு வந்த நான், ஓசூர் எல்லையைத் தாண்டி ஹெப்பகோடியில் கணவரோடு வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, அந்தத் தொழிற்சாலையின் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். தலை முதல் கால்வரை மூடிய உடையில் அறைக்குள் போய், காற்றில் கிருமி இருக்கிறதா, மேசையில் இருக்கிறதா, உள்ளே நிற்பவர்களின் கையுறை விரல்களில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கிருமி வளர்வதற்கான அகார் கூழ் ஊற்றிய பிளேட்டில் ஒவ்வொருவரையும் விரல்களை அழுத்தச் சொல்லி, பிளேட்டை இன்குபேட்டரில் வைத்து, பிறகு எடுத்து, வளர்ந்த கிருமிப் புள்ளிகளை எண்ண வேண்டும். ஒன்றும் வளராத பிளேட்தான் நல்ல பிளேட். நுண்ணுயிரியல் படித்தவள், நுண்ணுயிரி எங்கும் தென்படக்கூடாது என்று பார்த்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறேன். இதில் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை.

ஒவ்வொரு மாதமும் எனக்கு வயிறு கெட்டது. விதிப்படி ஒவ்வொரு மாதமும் சொன்னேன்.

"மறுபடியுமா?" என்பார் எங்கள் மேலதிகாரி. தமிழர்தான், ஓசூர்ப் பக்கம். கெட்ட மனிதர் இல்லை. யாரை எனக்குப் பதிலாக உள்ளே அனுப்புவது என்ற கவலை அவருக்கு.

தொழிற்சாலை மருத்துவரிடம் அனுப்புவார்கள். ஓய்வு பெற்ற பெரியவர். வெளியில் சாப்பிடாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்லி ஆண்டிபயாடிக் எழுதிக் கொடுப்பார். நான் மாத்திரையை முடிப்பதற்கும் வயிறு சரியாவதற்கும் சரியாக இருக்கும். அதனால் மாத்திரைதான் சரிசெய்தது என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். ஒருமுறை மலப் பரிசோதனைக்கு அனுப்பினார். நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை என்று வந்தது. "அப்போ டென்ஷன்தாம்மா. மனச லேசா வெச்சுக்கோ" என்றார். அடுத்த மாதம் மறுபடியும் ஆண்டிபயாடிக் எழுதினார்.

ஆண்டிபயாடிக் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கிருமி பரவிய பிளேட்டின் நடுவில் மருந்து தோய்த்த ஒரு சின்னக் காகித வட்டை வைத்தால், அதைச் சுற்றி ஒன்றுமே இல்லாத ஒரு வட்டம் விழும். கல்லூரியில் அந்த வட்டத்தை அளந்து எழுதியிருக்கிறேன். அதே வட்டம் என் குடலுக்குள்ளும் விழும் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

வலியும் இருந்தது. அது பள்ளி நாட்களிலிருந்தே இருந்தது. மாதவிடாயின் முதல் நாள் சுருண்டு படுத்துக்கொள்வதும், மாத்திரை போட்டுக்கொண்டு எழுந்திருப்பதும் பழகிப்போன விஷயம். அதை நான் அந்த மருத்துவரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. வயிறு ஒரு டிபார்ட்மென்ட், கர்ப்பப்பை இன்னொரு டிபார்ட்மென்ட் என்பதுபோல இருவரும் நடந்துகொண்டோம்.

எனக்குப் பதிலாக உள்ளே போனவள் என்னோடு வேலை பார்த்த கோலார்க்காரி. வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கும் தமிழும் பேசி வளர்ந்தவள். ஒருநாள் கேன்டீனில் சித்ரான்னத்தைப் பிசைந்தபடி கேட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"இன்ஃபெக்‌ஷன்னா எப்ப வேணா வரணும், ஹௌதா இல்லையா? உனக்கு மட்டும் ஏன் காலண்டர் பாத்து வருது?"

"என்ன சொல்றே?"

"நீ வயிறு சரியில்லன்னு நிக்கற நாளெல்லாம் உன் டேட் நாள். பாத்ரூம்ல என்கிட்ட பேட் கேப்பியே, அதே நாள். அன்னிக்குத்தான் நான் உள்ள போறேன். கிருமிக்கு உன் டேட் எப்படித் தெரியும்?"

ஒரு பிளேட்டில் ஒரே நாளில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வளர்ந்தால், இது தற்செயல் இல்லை என்று அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன். என் உடம்பைப் பற்றி அப்படி யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

லிங்கராஜபுரத்தில் அவளுடைய அக்காவுக்கு அறுவை சிகிச்சை செய்த பெண் மருத்துவர் இருந்தார். ஒரு பேக்கரிக்கு மேலே கிளினிக். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி, கணவரோடு போய்ச் சேர்ந்தேன். பல தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அந்த மருத்துவருடையது. நர்ஸிடம் கன்னடம், என்னிடம் தமிழ், போனில் ஆங்கிலம் என்று மூச்சு விடாமல் மாறிக்கொண்டிருந்தார். ஆனால் கேள்வி கேட்கும்போது அவசரப்படவில்லை.

"மோஷன் போறப்ப வலிக்குதா?"

"பீரியட்ஸ் டைம்ல மட்டும், மேடம்."

"ரெண்டு பேரும் சேந்திருக்கறப்ப வலிக்குதா?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அதை நாங்கள் வார்த்தையில் பேசிக்கொண்டதில்லை.

"ஆமா மேடம்" என்றேன்.

"இவங்ககிட்ட சொல்லிருக்கீங்களா?"

"இல்ல."

கணவர் அப்போதும் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "சொல்லிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். பிறகு என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்த பிறகு மருத்துவர் விளக்கினார். கர்ப்பப்பையின் உட்சுவரைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே, இருக்கக்கூடாத இடங்களில் இருக்கிறது. மாதா மாதம் அதுவும் கசியும், ஆனால் ரத்தம் வெளியேற வழி இல்லை. அதனால் அங்கே அழற்சி வரும். பக்கத்துப் பக்கத்து உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனக்கு இடது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய ஒரு கட்டி இருந்தது. குடலும் கர்ப்பப்பைக்குப் பின்னால் ஒட்டியிருக்கலாம் என்றார். நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கட்டியின் பெயர் சாக்லேட் சிஸ்ட்.

"பேரு நல்லாத்தான் இருக்கு" என்றார் கணவர், பயத்தில். யாரும் சிரிக்கவில்லை.

"அப்போ எனக்கு இன்ஃபெக்‌ஷனே இல்லையா மேடம்?"

"ஒரு தடவ ரெண்டு தடவ இருந்திருக்கலாம். மாசா மாசம் இருந்திருக்காது. குடல்கிட்டயே அழற்சி இருந்தா குடல் சும்மா இருக்குமா? இவ்ளோ ஆண்டிபயாடிக் தேவையே இல்ல."

அந்தக் கடைசி வாக்கியம் என்னோடு வீட்டுக்கு வந்தது. அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைக்கும்வரை விடுமுறை நாட்களில் உட்கார்ந்து படித்தேன். படிப்பது எனக்குப் பழக்கமான வேலை, பயப்படுவதைவிடச் சுலபம்.

ஈஸ்ட்ரோஜன் வேலையை முடித்ததும் கல்லீரல் அதை ஒரு பொட்டலமாகக் கட்டிக் குடலுக்கு அனுப்புகிறது, வெளியேறட்டும் என்று. குடலில் இருக்கும் சில பாக்டீரியாக்களிடம் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும் என்சைம் இருக்கிறது. பிரித்துவிட்டால் ஹார்மோன் மறுபடியும் ரத்தத்தில் ஏறும். எண்டோமெட்ரியோசிஸ் ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளரும் நோய். அப்படியானால் குடலில் யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்கலாம். இந்த நோய் உள்ள பெண்களின் குடலிலும் பிறப்புறுப்பிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுவதாகச் சில ஆய்வுகள் சொல்லின. எப்படி வேறுபடுகின்றன என்பதில் அவை ஒத்துப்போகவில்லை. எலிகளுக்கு ஒரு குறிப்பிட்ட ஆண்டிபயாடிக் கொடுத்ததில் திசுக்கள் சுருங்கின என்று ஒன்றில் இருந்தது. நான் விழுங்கிய மாத்திரைகள் எனக்குக் கெடுதல் செய்தனவா, தெரியாமலே ஏதாவது நல்லது செய்தனவா? பாக்டீரியா மாறியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் பாக்டீரியா மாறியதா? எந்தக் கட்டுரையிலும் அதற்கு முடிவான பதில் இல்லை. எல்லாக் கட்டுரைகளும் மேலும் ஆய்வு தேவை என்று முடிந்தன.

என் கணவர் கட்டுரை படிப்பவர் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் லாரிகள் எங்கே நிற்கின்றன என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கும் வேலை அவருக்கு. எந்தச் சிக்கலுக்கும் ஒரு போன் நம்பர் இருக்கும் என்று நம்புகிறவர். ஒரு மாலை செல்போனை என்னிடம் நீட்டினார்.

"இது பாரு. குடல்ல என்னென்ன பாக்டீரியா இருக்குன்னு டெஸ்ட் பண்றாங்களாம். வீட்லயே எடுத்து அனுப்பலாம். என்ன சாப்பிடணும்னும் சொல்றாங்க."

இதையெல்லாம் அப்படியே நம்ப முடியாது என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது. "சரி, ரெண்டு வாங்குங்க" என்றேன்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு என் பேர்ல, ஒண்ணு உங்க பேர்ல. ரெண்டுலயும் என்னோடதுதான் போகும்."

எங்கள் தொழிலில் இது சாதாரணம். ஒரு கருவியை நம்புவதற்கு முன்பு, ஒரே பொருளை அதற்கு இரண்டு முறை கொடுத்துப் பார்ப்போம். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால்தான் பேச்சு.

"என் பேர்ல உன் இதையா? வேணாம்டி. அவங்க ஏதாச்சும் கண்டுபுடிச்சுட்டா?"

"கண்டுபுடிச்சாங்கன்னா நல்ல கம்பெனின்னு அர்த்தம்."

இரண்டு குழாய்களிலும் ஒரே நேரத்தில், ஒரே மலத்திலிருந்து எடுத்து, நன்றாகக் கலக்கி மூடி அனுப்பினேன். சில வாரங்களில் இரண்டு அறிக்கைகளும் செல்போனுக்கு வந்தன. வண்ண வண்ண வட்டங்கள். எனக்குக் குடல் நலம் மோசம், உடனே கவனிக்க வேண்டும், தயிரைக் குறைக்க வேண்டும். என் கணவருக்குக் குடல் நலம் அருமை, அவர் வயது ஆண்களில் பலரைவிட மேல், தயிர் நிறையச் சாப்பிடலாம். என்னிடம் அதிகமாக இருந்த ஒரு பாக்டீரியா அவரிடம் பெயருக்குத்தான் இருந்தது.

"பாத்தியா, என் குடல் எவ்ளோ சூப்பரா இருக்கு" என்றார்.

"அது என் குடல்ங்க."

பெரிதாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "அப்போ இதுல எத நம்பறது?"

"எதையும் நம்ப வேணாம்."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் எவ்வளவு நம்பியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஒரு கம்பெனியைச் சோதித்தேன். அவர் ஒரு மருந்துக்காகக் காத்திருந்தார். அன்றிரவுச் சாப்பாட்டில் எனக்குத் தயிர் போடுவதா வேண்டாமா என்று கரண்டியோடு நின்றார். போடச் சொன்னேன்.

அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் இரண்டு அறிக்கைகளையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நர்ஸைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் கதையைச் சொன்னார். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

பிறகு என்னிடம் சொன்னார்: "குடல் பாக்டீரியாவுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்குன்னுதான் எனக்கும் தோணுது. நீங்க படிச்சதெல்லாம் நானும் படிக்கறேன். ஆனா இந்த பாக்டீரியா இருந்தா நோய், இது இல்லன்னா இல்லன்னு சொல்ற அளவுக்கு யாருக்கும் தெரியாது. தெரியும்னு சொல்லி பவுடர் விக்கறவங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்க."

"ஆண்டிபயாடிக்கால கெட்டுப்போயிருக்குமா மேடம்?"

"தெரியல. உங்களுக்கு ஆறுதலா ஏதாவது சொல்லலாம், ஆனா அது பொய்யா இருக்கும். குடல்ல இருக்கறத என்னால மாத்த முடியாது. ஒட்டிட்டு இருக்கறதப் பிரிக்க முடியும். அத மொதல்ல செய்வோம்."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தெரியாது என்ற சொல்லை ஒரு மருத்துவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அறுவை சிகிச்சைக்கு அம்மா ரயிலேறி வந்தாள். கணவர் ஒக்கலிபுரம் பக்கம் உள்ள ஸ்டேஷனுக்குப் போய் ஆட்டோவில் கூட்டிவந்தார். முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்து, இருந்த பாக்டீரியாக்களில் பாதியை நானே வெளியேற்றினேன். மறுநாள் காலையில் கையில் ஊசி குத்தி ஆண்டிபயாடிக் ஏற்றினார்கள். அந்தச் சின்னப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். எங்களுடையது போன்ற ஓர் அறையில், என்னைப் போன்ற யாரோ மூடிய உடையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நிரப்பப்பட்ட மருந்து. இந்த முறை அது தேவையான மருந்து என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நினைத்ததைவிட நேரமாயிற்று. குடல் கர்ப்பப்பையின் பின்புறத்தோடு ஒட்டியிருந்தது. பிரித்தெடுத்தார்கள். கட்டியையும் எடுத்தார்கள். குடலை வெட்டவேண்டி வரவில்லை.

கேமரா வழியாகச் செய்த அறுவை சிகிச்சை என்பதால் அதன் வீடியோவைக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, கட்டிலில் சாய்ந்தபடி லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சளும் ரோஸுமாக ஈரமான இடம். நடுவே சிலந்திக்கூடு போல வெள்ளை இழைகள், அங்கங்கே தீய்ந்தது போல் கறுப்புப் புள்ளிகள். கருவி தொட்டதும் கட்டி உடைந்து பழைய ரத்தம் கெட்டியாக வழிந்தது. அம்மா கஞ்சித் தட்டோடு வந்து என் பின்னால் நின்றுவிட்டாள்.

"இதெல்லாம் உன் வவுத்துலயா இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"இதோடயா வேலைக்குப் போய்க்கினு இருந்த?"

நான் வலியில் சுருண்டு விழும்போதெல்லாம், பொம்பளைன்னா இருக்கறதுதான் என்று சொல்லி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தவள் அவள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். மறுபடியும் போடச் சொன்னாள். போட்டேன். முழுவதும் பார்த்தாள்.

"தூரமானா எனக்கும் பேதி ஆவும்" என்றாள். "மூணு நாளும் ஆவும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். யார்கிட்ட போய்க் கேக்கறது இதெல்லாம்?"

அம்மாவுக்கு நான் பள்ளியில் படிக்கும்போதே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கட்டி என்று மட்டும் எங்களுக்குத் தெரியும்.

"என்ன கட்டின்னு சொன்னாங்களாம்மா?"

"யாருக்குத் தெரியும்? எடுத்ததும் ஒரு ட்ரேல வெச்சு உங்கப்பாவுக்குக் காட்டினாங்களாம். எனக்கு யாரும் காட்டல."

திரையில் படம் நின்றிருந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தாள். அழவில்லை. கஞ்சி ஆறிவிட்டது என்று சொல்லி, சூடுபண்ண எடுத்துக்கொண்டு போனாள்.

அதன்பிறகு மாதவிடாயை நிறுத்திவைக்கும் ஹார்மோன் மாத்திரை ஒரு வருடத்துக்குமேல் சாப்பிட்டேன். வலி பெருமளவு போனது. வயிற்றுப்போக்கு நின்றது. உப்புசம் மட்டும் சொல்லாமல் வந்து சொல்லாமல் போனது. ஒரு கல்யாணத்தில் கணவரின் சித்தி என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "என்ன, விசேஷமா?" என்று கேட்டார். "இல்ல சித்தி, வயித்துல காத்து" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இஞ்சிச் சாறு குடிக்கச் சொன்னார். எது சாப்பிட்டால் உப்புகிறது என்று நானே கவனித்து, மைதாவைக் குறைத்தேன். எனக்கு ஒத்துக்கொண்டது. மற்றவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாது.

வேலைக்குத் திரும்பிய வாரத்தில் மேலதிகாரியிடம் நேராகப் பேசினேன். "சார், எனக்கு மாசா மாசம் இருந்தது தொத்தற வியாதி இல்ல. எண்டோமெட்ரியோசிஸ். இனிமே வயிறு சரியில்லன்னா சொல்றேன், ரூல்படி உள்ள போக மாட்டேன். ஆனா ஆண்டிபயாடிக்குக்கு அனுப்பாதீங்க."

அவர் காது சிவந்துவிட்டது. "சரிம்மா, சரிம்மா" என்று மேசையில் இருந்த பேனாக்களை அடுக்கினார். சில நாள் கழித்து வராந்தாவில் என்னைத் தனியாகக் கண்டபோது நிறுத்தினார்.

"நீங்க போனீங்களே, அந்த லேடி டாக்டர்... என் வைஃபுக்கும் மாசம் ஆனா ரெண்டு நாள் எழுந்திரிக்கவே முடியல. வயித்துல கேஸ்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்."

கிளினிக்குக்கு வழி சொன்னேன், பேக்கரியை அடையாளம் சொன்னேன். மேற்கொண்டு என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை.

இப்போது குழந்தைக்காக மாத்திரையை நிறுத்தியிருக்கிறோம். மாதவிடாய் திரும்ப வந்திருக்கிறது. வலி இருக்கிறது, ஆனால் பழைய வலி இல்லை. முதல் நாள் மட்டும் வயிறு லேசாகக் கலக்கும். குடலும் பாக்டீரியாவும் பற்றிய கட்டுரைகளை இன்னும் படிக்கிறேன், முன்பைப் போல ஆவலோடு இல்லை, தொழில் தெரிந்தவள் படிப்பதைப் போல. சென்ற வாரம் மருத்துவரைப் பார்த்தோம். ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. "தானா நிக்குதான்னு ஆறு மாசம் பாப்போம்" என்றார். கணவர் சரி என்றார், நானும் சரி என்றேன். கீழே இறங்கி பேக்கரியில் டீ குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.